எஞ்சினுக்குப் பூப்போட்டுப் பார்த்தது

மெக்கானிக் பவுல்ராஜ் அண்ணன் பிஸ்டனை உருவி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் கீறல். எங்கள் வாடகை பிளஷர் காரின் மைல் எண்கள் லட்சத்தைத் தொட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கி, வெகுதூரம் வந்திருந்தன. வத்தலக்குண்டு ரோட்டில் அது போனால், பின்னால் வருகிறவருக்கு நீலப்புகையில் வழி தெரியாது.

"சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் போட்டுப் புதுப் பிஸ்டன் மாட்டலாம்ண்ணே. இல்லையா, இந்தப் பெட்ரோல் எஞ்சினையே தூக்கிப்புட்டு டீசல் எஞ்சின் வைக்கலாம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் பவுல்ராஜ் அண்ணன்.

ஒரு வாரமாக அப்பாவாலும் அம்மாவாலும் அதைத்தான் சொல்ல முடியவில்லை.

டீசல் எஞ்சின் வேண்டுமென்றால் அம்மாவின் கழுத்துச் சங்கிலி போக வேண்டும். அம்மா அதைக் கழற்றித் தரத் தயார். அப்பாவுக்குத்தான் அதைத் தொட மனமில்லை.

அம்மாவின் கவலை வேறு. காரின் செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப்போய் வருடக்கணக்காகிறது. அப்பா முன்னால் குனிந்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றித்தான் கிளப்புவார். போன தையில் அது திருப்பி அடித்து அவர் மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியது. அன்றிலிருந்து அம்மாவுக்குப் பழைய எஞ்சினைக் கண்டால் ஆகாது.

"டீசலை வச்சா ரைஸ்மில்லு நகந்து வருதுன்னுதான் சனம் நெனைக்கும். கல்யாணத்துக்கு எவன் கூப்புடுவான்?" என்றார் அப்பா.

"கை ஒடிஞ்சவகளை மட்டும் கூப்புடுவாகளாக்கும்" என்றாள் அம்மா.

கடைசியில் சாமியிடம் விட்டார்கள்.

நாகல் நகரில் எங்கள் தெருவில் பெண் கொடுப்பதோ, கிணறு தோண்டுவதோ, எதுவானாலும் பூப்போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். எஞ்சினுக்குப் போட்டது எங்கள் வீட்டில்தான் முதல் தடவை.

பொட்டலம் மடிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு, வாய் திறக்கத் தேவையில்லாத வேலைகள் எல்லாம் எனக்குத்தான்.

வெள்ளை வந்தால் போரிங். சிவப்பு வந்தால் டீசல்.

ஒரு பூவரச இலையில் நந்தியாவட்டை. இன்னொன்றில் செவ்வரளி. ஈர்க்குக் குத்தி, எது எதுவென்று எனக்கே தெரியாதபடி கலைத்து, பழனியாண்டவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். மிச்சப் பூக்களைப் படத்துக்குச் சாத்தினேன்.

பிறகு பூ எடுக்கப் பக்கத்து வீட்டுக் குழந்தை கமர்ஜஹானைத் தூக்கிவரப் போனேன். நான் வாசல் தாண்டும்போது அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்ற உள்ளே போனாள். குழந்தையோடு நான் திரும்பி வரும்போது அப்பா திருநீறு பூசிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

கமர்ஜஹானின் கண் தட்டிலிருந்த வெல்லத்தின் மேலேயே இருந்தது. எடுத்தால்தான் தருவேன் என்றதும் கைக்கு அருகில் கிடந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"வேதக்காரன், சர்ச்சுக்குப் போற நீதான் பொதுவான ஆளு. பிரிப்பா" என்றார் அப்பா.

பவுல்ராஜ் அண்ணன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார்.

வெள்ளை.

அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அந்தப் பூவையே பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, மற்றப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்தாள்.

சிவப்பு.

இப்போது அப்பாவின் முகம் மாறியது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"என்னண்ணே, தோத்தவுக முழிச்சா சரி. செயிச்ச நீங்களும்ல பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக!" என்றார் பவுல்ராஜ் அண்ணன்.



அம்மா மெதுவாகச் சொன்னாள்: "சாமி சொன்னாச் சரிதான். அந்தச் செல்ஃபையும் ஓட வச்சுருங்க தம்பி."

வீண் செலவு என்று இத்தனை வருடம் அதைத் தள்ளிப்போட்ட அப்பா, "ஆமாமா, அதை மொதல்ல பாரு" என்றார்.

அன்று முழுவதும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய மரியாதையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை துணியை ஊறவைக்க எடுத்தேன்.

அப்பாவின் காக்கிச் சட்டைப் பையில் கசங்கிய செவ்வரளி ஒன்று இருந்தது.

அம்மாவின் முந்தானை முடிச்சில் வாடிய நந்தியாவட்டை ஒன்று.

இரண்டையும் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் உள்ளே போனது அம்மா. வெள்ளையை எடுத்துவிட்டு, படத்திலிருந்த சிவப்பை வைத்திருக்கிறாள். இரண்டிலும் சிவப்பு.

அடுத்துப் போன அப்பா ஒன்றைப் பிரித்திருக்கிறார். சிவப்பு. அதை எடுத்துவிட்டு வெள்ளை வைத்திருக்கிறார். மற்றது வெள்ளைதான் என்று நம்பி, அதைப் பிரிக்கவே இல்லை.

ஆகக் கடைசியில், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. நான் மடித்து வைத்த மாதிரியே.

முற்றத்தில் அம்மா எஞ்சினுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். போரிங் போட மதுரைக்கு வண்டியில் ஏற்றுவதற்கு முன் அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவின் கழுத்தில் சங்கிலி வெயிலில் மின்னியது.

நான் இரண்டு பூக்களையும் சாக்கடைத் தண்ணீரில் விட்டேன். அவை சேர்ந்தே போயின.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், கமர்ஜஹானுக்கு இன்னொரு துண்டு வெல்லம் கொடுத்துவிட்டு வந்தேன்.