பதின்மூன்றாவது குண்டு

நீதிபதியின் காவலுக்குச் செல்லும் மகிழ்நன், ஆயுத அறையில் கைத்துப்பாக்கியை வாங்கியதும் குண்டுகளை எண்ணினான். பதின்மூன்று கொள்ளும் மேகசினில் பன்னிரண்டுதான் இருந்தன. பதிவேட்டில் பதின்மூன்று. ஒன்று தொலைந்தாலும் வேலை போய்விடும்.

"இன்னொண்ணு எங்க ஏட்டய்யா?"

ஏட்டு இருதயராஜ் காகிதத்தில் பொதிந்த குண்டை நீட்டினார். "பையில வச்சுக்கப்பா. மேகசின் வாய் தேஞ்சுபோச்சு. முழுசா அடைச்சா முதல் குண்டே சிக்கிக்கும்."

"புதுசு கேக்கலாமே?"

"கேட்டு எட்டு மாசமாச்சு. நீ வேணா கேட்டுப்பாரு, உனக்குத்தான் எழுத நல்லா வருமே."

மகிழ்நனுக்குச் சுருக்கென்றது. குண்டுக் கணக்கில் ஏட்டு குளறுபடி செய்கிறார் என்று போன வாரம் மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டவன் அவன்தான். தன்னை மாட்டிவிடப் பார்க்கிறாரோ?

வெளியே வந்து பதின்மூன்றாவது குண்டையும் காகிதத்திலிருந்து உருவி மேகசினுக்குள் திணித்தான். துப்பாக்கியைச் சோதிப்பதற்கென வாசலில் வைத்திருந்த மணல் பெட்டியை நோக்கிப் பிடித்து, குண்டை உள்ளே ஏற்றும் மேல்மூடியான ஸ்லைடை இழுத்து விட்டான். முதல் குண்டு பாதியில் சாய்ந்து சிக்கிக்கொண்டது.

அதை மெல்ல விடுவித்து, மறுபடி பொதிவதற்காகக் காகிதத்தை விரித்தான். அவன் எழுதிய மொட்டைக் கடிதம்.

ஜன்னலுக்கு அப்பால் இருதயராஜ் தலை நிமிராமல் வேறொருவரின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.