ஐந்தாம் நாள் லட்டு

இன்னும் இரண்டு விக்கெட். அது விழுந்தால் ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் தொடர் நமக்கு.

கம்பெனி முன் கேட்டில் போட்டிருந்த எங்கள் போராட்டப் பந்தலில் அத்தனை பேரும் டிவிக்கு முன்னால் நின்றார்கள். கதவடைப்பு அறிவித்த நாளிலிருந்து இப்படி ஒரு கூட்டம் அங்கே சேர்ந்ததே இல்லை. சங்கக் கூட்டம் என்றால் வயிற்றுவலி வருகிற ஆட்கள்கூட, விடியற்காலைப் பனியில் குல்லா மாட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளியிலிருந்து நடந்தே வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள்.

டிவி எங்களுடையது இல்லை. கம்பெனி செக்யூரிட்டி சம்பங்கி அண்ணன் தன் கேபினிலிருந்து ஒயர் இழுத்து, ஸ்டூல் போட்டு வைத்துக் கொடுத்தது. இத்தனை பேர் ஒரு போனில் பார்த்தால் கண் கெட்டுப் போகும் என்று கரிசனப்பட்டார். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஐந்து நாள் ஆடி, சாப்பிட்டு, டீ குடித்து, கடைசியில் யாருமே ஜெயிக்காமலும் போகலாம் என்று என் வீட்டுக்காரர் முனிவேல் சொன்னார். அப்படியானால் இது நம் பேச்சுவார்த்தை மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் பேச்சுவார்த்தைதான். கம்பெனியே கூப்பிட்டிருந்தது. சங்கச் செயலாளர் காலையிலேயே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிவிட்டார். என்ன ஆனாலும் முன் கேட்டிலும் பின் கேட்டிலும் நம் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

உள்ளே நிற்கிற, தகடு அடிக்கிற பெரிய பிரஸ் மெஷின்தான் எங்கள் பிடி. அது ஷெட்டில் இருக்கிறவரை கம்பெனி எங்களோடு பேசித்தான் ஆக வேண்டும். லாரியில் ஏறி, ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளிக்குள் போய்விட்டால் வேறு மாநிலம். அங்கே புது ஷெட்டும் புது ஆட்களும் தயார் என்று ஊரே பேசியது. நானும் முனிவேலும் ஒரே கம்பெனி. பிரஸ் போனால் ஒரே நாளில் இரண்டு பேர் வேலையும் போகும்.

அது நான் ஓட்டிய பிரஸ். அடியில் எண்ணெய் ஒழுகும். ஆயில் சீல் மாற்றித் தரச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தட்டு வைத்துப் பிடித்து, பழந்துணியால் துடைத்து, அதோடுதான் குடும்பம் நடத்தினேன்.

ஒரு வாரமாக ஷெட்டுக்குள் ஸ்பேனர் சத்தம் கேட்டது. மெயின்டனன்ஸ் நடக்கிறது என்றார் சம்பங்கி அண்ணன். அப்படியானால் கம்பெனி திறக்கப் போகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

ஒரு விக்கெட் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் விழுந்தது. பந்தலே கிழிகிற மாதிரி சத்தம். யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள். பேசாமல் இருந்த பங்காளிகள்கூடக் கட்டிப்பிடித்தார்கள்.

சம்பங்கி அண்ணன் ஆயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார். லட்டுப் பெட்டியைத் திறந்தார். காலையிலேயே வாங்கி வைத்திருந்த லட்டு. தோற்றிருந்தால் அதை என்ன செய்திருப்பார் என்று இப்போது கேட்கிறேன். அப்போது யாரும் கேட்கவில்லை.

எங்கள் லைனில் வேலை பார்க்கிற கோபி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடுரோட்டில் இறங்கிவிட்டான். டவுன் பஸ்ஸை மறித்தான். ஷேர் ஆட்டோவை மறித்தான். தார்ப்பாய் கட்டிய லாரியை மறித்தான். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கத்தினான். லட்டு வாங்காமல் ஒரு வண்டியும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

முனிவேல் துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணத்தில்கூட அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பின் கேட்டு முறை அவருடையது.

"ஏங்க, பின் கேட்டுல யாரு?"

"சம்பங்கியண்ணன் பாத்துக்கறாரு. நீ போயி மேட்ச் பாருன்னாரு."

சொல்லும்போது அவர் வாயில் இருந்தது சம்பங்கி அண்ணன் ஊட்டிவிட்ட லட்டு. மெல்லுவது பாதியில் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். கேபின் பூட்டியிருந்தது. டிவியில் மட்டும் நம் பையன்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

நாங்களும் ஓடினோம்.

பின் கேட் ஒழுங்காகச் சாத்தி, ஒழுங்காகப் பூட்டியிருந்தது. அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு எண்ணெய்க் கோடு ரோட்டுக்கு வந்திருந்தது. தேன் நிறம். குனிந்து விரலால் தொட்டேன். முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

முனிவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அவரை நாலு அறை அறையலாம் போல இருந்தது. அறைந்தால் மட்டும் என்ன?

கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அது காம்பவுண்டைச் சுற்றி, டீக்கடையைத் தாண்டி, எங்கள் பந்தலுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. யார் பையிலோ போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்காரன் ஒருத்தனும் வரவில்லை என்று சொல்லத்தான் செயலாளர் கூப்பிடுகிறார் என்பது எடுக்காமலே தெரிந்தது.

நடுரோட்டில், பட்டாசுக் காகிதத்துக்கு நடுவே, சொட்டெல்லாம் சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. வண்டி அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. அதற்கப்புறம் கோடு மறுபடி தொடங்கி, எல்லைப் பக்கமாகப் போயிருந்தது.

கோபி காலிப் பெட்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"லாரி டிரைவரு, கிளீனருக்கும் ஒண்ணு குடுன்னான்க்கா" என்றான். "குடுத்தேன்."