மாதாவை வைக்கும் இடம்

மெல்போர்ன் ஏலக்கூடத்தின் உயர்ந்த சன்னல் வழியே மதிய வெயில் மிதந்து வந்து, சாண் உயர மாதாவின் மேல் அமர்கிறது. இத்தாலியில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வார்த்த வெண்கலம். ஆடை மடிப்புகளில் எஞ்சிய பொன்முலாம் நீருக்கடியில் கிடப்பதுபோல் மினுங்குகிறது. வெள்ளைக் கையுறை அணிந்த ஏல ஊழியர், தானே வார்த்ததுபோன்ற பெருமையோடு, மூச்சடக்கி அவளைத் திருப்பிக் காட்டுகிறார். பல்வைத்தியர் உமாசுதன் மனதுக்குள் அவளை ஏற்கெனவே வாங்கிவிட்டார். வரவேற்பறையில், விஸ்கிப் போத்தல்களுக்குப் பக்கத்தில், வருகிற எவரும் விலை கேட்காமல் தப்ப முடியாத இடத்தில் வைத்தும்விட்டார். அருகே மனைவி தாரகா செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் வெறுங்காலோடு நிற்கிறாள். “இவ வந்தா சாமியறைக்குள்ளதான், சொல்லிப்போட்டன்.” “அங்க வைச்சா ஆர் பாக்கிறது?” “ஏன், பிள்ளையார் பாப்பார்.” உமாசுதன் ஏலப் பட்டியலை மெல்ல மூடிவிட்டு, முதல் தடவையாக மாதாவின் முகத்தைப் பார்க்கிறார்.