முன்னுரையில் ஒரு வரி

முகையூர்ப் பக்கம் மூன்று வருஷம் வெயிலில் அலைந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஆராய்ச்சி நூலை எழுதியவன் காலேஜ் ட்யூட்டர் சின்னப்பராஜ். அதைத் தன் பெயரில் அச்சுப் போட்டுக்கொண்டார் புரொபசர் தாண்டவராயன். ‘தாள் அடுக்கிக் கொடுத்த சின்னப்பராஜுக்கு நன்றி’ என்று முன்னுரையில் ஒரு வரி மட்டும் பிச்சை போட்டிருந்தார்.

விழுப்புரத்தில் ரயிலேறும்போதே சின்னப்பராஜின் பைக்குள் கொடுவாள் இருந்தது. புரொபசர் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் வெட்டுவது என்று வைராக்கியம்.

திண்டிவனத்தில் புரொபசர் வீட்டுக் கதவு பிளந்து கிடந்தது. உள்ளே அவரைத் தூணில் கட்டிவைத்து நாலு தடியர்கள் விளாசிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ரத்தம்.

“ஏரி நிலத்தை எங்க பாட்டன் அபகரிச்சிக்கினாருன்னு எழுதுவியாடா?” முகையூர் மிராசுதார் அந்தப் புத்தகத்தாலேயே அவர் வாயில் அடித்தார்.

வாசலில் நின்றவனைப் புரொபசர் பார்த்துவிட்டார்.

“ஐயோ, சாமி சத்தியமா நான் ஒரு வரிகூட எழுதலீங்க! எல்லாம் இதோ நிக்கிறானே, இவன் எழுதினதுங்க!”

தடிகள் திரும்பின.

சின்னப்பராஜ் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

“முன்னுரையில ஐயாவே எழுதியிருக்காரு, பாருங்க. நான் தாள் அடுக்கிக் குடுத்தவனுங்க.”