மூன்றும் இரண்டும்

அமெரிக்காவின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு சலவைக்கடையின் மாடி. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு காங்கா முரசுகளின் தோல்மேல் விழுந்து கிடக்கிறது. விரல்களில் பிளாஸ்திரி சுற்றி எலாதியோ வாசிக்கிறார். பாடகி நெரெய்தா இரண்டு மரக்குச்சிகளைத் தட்டுகிறாள்: மூன்று அடி, பிறகு இரண்டு. அந்தக் கணக்குக்குத்தான் மொத்த இசைக்குழுவும் அடங்கும். தவறியவனை நாற்பது வருஷமாக எலாதியோ நடுப்பாட்டிலேயே எழுப்பி அனுப்பியிருக்கிறார். "மூணு எது, ரெண்டு எதுன்னு தெரியாதவன் கீழ போயி துணி தோய்டா!" பியானோக்காரன் வில்பிரிடோவும் ஒருமுறை அப்படிப் படியிறங்கியவன்தான். இன்று எலாதியோவின் கையே பிந்துகிறது. மூன்றுக்குரிய அடி இரண்டின்மேல் விழுகிறது. அவர் காதே கூசுகிறது. கை திரும்ப மாட்டேன் என்கிறது. வில்பிரிடோ நெரெய்தாவைப் பார்த்து மெல்லத் தலையசைக்கிறான். குச்சிகள் ஒரு கணம் நின்று, அவர் கை போன பக்கமே சேர்ந்துகொள்கின்றன, பின்னாலேயே பியானோவும். "ஏன்டா யாரும் நிறுத்தல? என்னைத் திட்டுங்கடா!" என்று கத்துகிறார். "நல்லாத்தான் போகுது அண்ணே, வாசிங்க" என்கிறான் வில்பிரிடோ, பியானோக் கட்டைகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். எலாதியோ வேண்டுமென்றே இன்னொருமுறை தப்பாக அடிக்கிறார். குச்சிகள் மறுபேச்சில்லாமல் அதற்கும் மாறிக்கொள்கின்றன.