பதிவேட்டில் ஒரு தங்கை

"இவங்க யாரு?"

தொழிலாளர் ஆபீசர் பேனாவை இஸ்திரி மேஜைப் பக்கம் நீட்டினார்.

அவ்வளவுதான், சலவைக்கடை முதலாளிக்கு வேர்த்துவிட்டது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது என்று அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி உத்தரவு போட்டிருந்தது. துணி துவைக்கிற மெஷின்காரனின் பெயர் பதிவேட்டில் இருந்ததால் அவனுக்கு வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டார். இஸ்திரி அக்காவின் பெயர்தான் எதிலும் இல்லையே! அவளுக்குப் பழைய கூலி. அதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"இவளா? இவ என் தங்கச்சி சார்."

"சொந்தத் தங்கச்சியா?"

"கூடப்பிறந்தவ சார். வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கலைன்னு வந்து கூடமாட ஒத்தாசை பண்றா."

சொந்தக் குடும்பத்து ஆட்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. முதலாளி அதை முன்பே விசாரித்து வைத்திருந்தார். மூளைக்காரர்தான், சும்மா சொல்லக் கூடாது.

ஆபீசரும் லேசுப்பட்டவர் இல்லை. அக்காவிடமே திரும்பினார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. நீங்க இவருக்குத் தங்கச்சியா, இல்ல வேலை பார்க்கிறவங்களா? வேலை பார்க்கிறவங்கன்னா புதுக் கூலி உண்டு. இத்தனை நாள் பாக்கியையும் வாங்கித் தரேன்."

முதலாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெஷின்காரன் கண்ணைக் காட்டினான். 'சொல்லுங்கக்கா, சொல்லித் தொலைங்க' என்று கையைக் காலை ஆட்டினான்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முதலாளியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமா சார். எங்க அண்ணன்தான்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். எழுதுவதை அக்கா எட்டிப் பார்த்தாள். 'தங்கை' என்று போட்டிருந்தது.

ஆபீசரும் முதலாளியும் தலை மறைந்ததுமே மெஷின்காரன் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு மண்டையில என்னக்கா இருக்கு? கேஸ் ஏறிடுச்சு, எண்ணெய் ஏறிடுச்சு. பஸ்ல வந்துட்டிருந்தவங்க இப்ப நடந்து வரீங்க. வாடகையை ஏத்திக் குடு, இல்லைன்னா ரூமைக் காலி பண்ணுன்னு ஹவுஸ் ஓனர் வேற கத்திட்டுப் போறாரு. கையில வந்து விழுந்த காசைத் தட்டி விடுறீங்களே! அந்த ஆளு உங்க தலையில மிளகாய் அரைக்கிறாரு, உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கு போல!"

"விடு தம்பி."

"என்ன விடு? அந்த ரூமும் போச்சுன்னா எங்க போவீங்க?"

"அந்த ரூம்ல என்னப்பா இருக்கு? காலையில குடிச்சு வெச்ச டம்ளர், சாயங்காலம் போய்ப் பார்த்தாலும் வெச்ச இடத்துலயே இருக்கும். நகர்த்தி வெக்கக்கூட ஆள் கிடையாது."

மெஷின்காரன் தலையில் அடித்துக்கொண்டு துணியை அள்ளிப் போடப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டு வாசலில் மணி அடித்தது. முதலாளியின் மனைவி கதவைத் திறந்தாள். இஸ்திரி அக்கா, கையில் ஒரு பையோடு.

"என்ன, கடைச் சாவியா?"

"இல்லை அண்ணி. சும்மா எல்லாரையும் பார்த்துட்டுப் போகலாம்னு."

"அண்ணியா?"

அதற்குள் அக்கா உள்ளே வந்து சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறைக்குள்ளிருந்து குழந்தை எட்டிப் பார்த்தது.

"வாடி கண்ணு. அத்தை உனக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்திருக்கேன் பாரு."

ஆப்பிள் விற்கிற விலைக்கு! குழந்தைக்கோ ஒரே குஷி. "எல்லாம் எனக்கா அத்தை? உங்க வீடு எங்க அத்தை?"

சாப்பாட்டு மேஜையில் தட்டுகள் வைத்திருந்தார்கள். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கேன். எனக்கும் ஒரு தட்டு வைங்க அண்ணி. நானே போட்டுக்கிறேன்."

அண்ணி தட்டு வைக்கவில்லை. குழந்தையைத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். முதலாளி வந்து அக்காவை வாசலுக்குத் தள்ளாத குறையாகக் கூட்டிப் போனார்.

"என்ன விளையாட்டு இது?"

"நீங்கதானேண்ணா ஆபீசர்கிட்ட சொன்னீங்க?"

முதலாளி மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்றைக்குத் தட்டு கேட்கிறாள். நாளைக்கே, அப்பா வைத்துவிட்டுப் போன கடையில் என் பங்கு எங்கே என்று வந்து நின்றால்? தங்கை என்று அரசாங்கத்துக் காகிதத்தில் ஏறிவிட்டதே!

"புரிஞ்சுபோச்சு. நீ விவரமானவதான். நாளைக்குக் கடையில பேசிக்கலாம், கிளம்பு."

ஆப்பிள் பையையும் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் மத்தியானம் முதலாளி ஒரு கவரை இஸ்திரி மேஜை மேல் போட்டார்.

"புதுக் கூலி. பாக்கியும் இருக்கு. ஆபீசருக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சு. தங்கைங்கிறதை அடிச்சுட்டு வேலையாள்னு போட்டுக்கிட்டார். திருப்திதானே? இனிமே அண்ணன், அண்ணின்னு எங்க வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே!"

அவர் அந்தப் பக்கம் போனதும் மெஷின்காரன் ஓடி வந்தான். முதலாளி காலையிலிருந்து போனில் மனைவியோடு மல்லுக்கட்டியது முழுக்க அவன் காதில் விழுந்திருந்தது.

"அக்கா! போட்டீங்களே ஒரு போடு! நான் உங்களை அசடுன்னு நினைச்சேன் பாருங்க, என்னைத்தான் சொல்லணும். அண்ணியாம், அத்தையாம், தட்டு வைங்கன்னு உரிமையா கேட்டீங்களாமே... யப்பா, என்ன நடிப்பு! இனிமே வாடகைக் கவலை விட்டுதுக்கா!"

அக்கா கவரைப் பிரிக்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஆப்பிள் பையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீ சாப்பிடு தம்பி."

ஒரு போர்வையை விரித்தாள். பாதி தேய்த்தவள் அப்படியே நின்றாள்.

"ஏன் தம்பி..."

"சொல்லுங்கக்கா."

"இந்தக் கவரை அப்படியே திருப்பிக் குடுத்துட்டா, அந்த ஆபீசர் மறுபடியும் தங்கைன்னு எழுதிக்குவாரா?"