இரண்டு தட்டு

ராணுவம் கழித்துவிட்ட லாரியை ஏலத்தில் எடுத்து மூன்று வருடமாகிறது. அதன் ஒவ்வொரு திருகாணியும் எனக்கு அத்துப்படி. காலியாக இருந்தாலும் பின்பக்கம் நான்கு விரல் தாழ்ந்தே நிற்பதுதான் பிடிபடவில்லை. ஸ்பிரிங் பட்டைகளை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது என் மனைவி தகரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு என்றால் போகலாம்.

நேற்றுக் காலை ஆற்றோர மண்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். பாதி வழியில் ஒரு தட்டுக் கேட்டது. பழக்கதோஷம், நிறுத்திவிட்டேன்.

"ஏங்க நிறுத்துனீங்க?"

"நீதானே தட்டுனே?" என்று திரும்பினேன். அவள் பக்கத்து இருக்கையில் இருந்தாள்.

இறங்கிப் பார்த்தோம். பின்னால் யாருமில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் குதிப்பதுபோல வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, சமமாக நின்றது.

"பாத்தியா? பட்டையில குறையே இல்ல" என்றேன்.

மாலை அதே வழியாகத் திரும்பினோம்.

"நிறுத்தாம போயிடுங்க. இப்பத்தான் நேரா நிக்குது."

"கூட்டிட்டு வந்தவன் நான். விட்டுட்டுப் போவேனா?"

காலையில் நின்ற இடத்திலேயே நிறுத்தினேன். அவள் இறங்கிப் பின்சக்கரத்துக்கு மேலே விரல்களை வைத்து அளந்தாள். வண்டி தாழ்ந்தது.

"நாலு" என்றாள். கியரைப் போட்டேன்.

"இருங்க... அஞ்சு."

பிறகுதான் இரண்டு தட்டுக் கேட்டது.